ஜப்பானிய மடிப்புத் தகட்டுக் கேமரா

ஃபிலிம் சுருளுக்குப் பதிலாகக் கண்ணாடித் தகட்டில் படம் பிடிப்பதும், தோல் துருத்தியோடு பெட்டிக்குள் மடங்கிக்கொள்வதுமான கைக் கேமரா வகை. ஜப்பானில் 1909 முதல் 1930களின் இறுதிவரை இது பரவலாகச் செய்து விற்கப்பட்டது. ஜப்பானியக் கேமரா என்றதும் சேகரிப்பாளர்கள் 35 மி.மீ. கருவிகளைத்தான் தேடிப் போகிறார்கள். ஆனால் ஜப்பானியக் கேமராத் தொழில் கை பழகியதில் பெரும்பங்கு இந்தத் தகட்டுக் கேமராக்களுடையது.

மூடியிருக்கையில் கருப்புத் தோல் ஒட்டிய, தடித்த புத்தகம் போன்ற பெட்டி. முன்பலகையைத் திறந்து கீழே இறக்கினால் அதுவே அடித்தளமாகிவிடும். லென்ஸ் தாங்கியைப் பிடித்து இழுத்தால் துருத்தி விரிந்தபடி தண்டவாளத்தின் மேல் முன்னே வரும். பெட்டியின் பின்புறம் தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடி ஒன்று உண்டு. கறுப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு பார்த்தால் எதிரில் உள்ள காட்சி அதில் தலைகீழாகத் தெரியும். அது தெளியும்வரை லென்ஸை முன்பின் நகர்த்த வேண்டும். பிறகு ஷட்டரை மூடி, மங்கல் கண்ணாடியைக் கழற்றி, அந்த இடத்தில் தகட்டுக் கூட்டைச் செருகி, கூட்டின் மூடியை உருவி, ஷட்டரைத் தட்டி, மூடியை மறுபடி உள்ளே தள்ள வேண்டும். இத்தனையும் ஒரே ஒரு படத்துக்கு. இடையில் ஒன்றை மறந்தால் தகடு பாழ். ஓடுகிற பிள்ளையைப் பிடிக்க ஏற்ற கருவியில்லைதான். அவசரத்துக்குக் கம்பிச் சட்டக நோக்கியோ, லென்ஸின் பக்கத்தில் சிறு நோக்காடியோ வைத்திருப்பார்கள். ஆனால் பல மாதிரிகளில் லென்ஸை மேலேயும் பக்கவாட்டிலும் நகர்த்த முடியும். உயரமான கோபுரத்தை, கேமராவை அண்ணாத்திப் பிடிக்காமலே, சாயாமல் படமெடுக்க இந்த வசதி உதவியது.

தகட்டின் அளவு முக்கியமானது. அந்நாளில் எளிய பயனர் படத்தைப் பெரிதாக்குவது அரிது. தகட்டைத் தாளின்மேல் வைத்து ஒளி பாய்ச்சுவார், தகட்டின் அளவே படத்தின் அளவு. அதனால்தான் ஜப்பானியர் தகடுகளுக்குக் கையில் பிடிக்கும் அட்டைகளின் பெயரை வைத்தார்கள். 8×10.5 செ.மீ. தகடு ‘தெஃபுதா’, அதாவது கைச்சீட்டு. 6.5×9 செ.மீ. தகடு ‘தாய்மெய்ஷி’, பெரிய முகவரி அட்டை.

இந்த வரலாறு ஒரு மருந்துக்கடையில் தொடங்குகிறது. தோக்கியோவின் ‘கோனிஷியா’ கடையைச் சேர்ந்த மருந்து வணிகர் சுகியுரா ரோகுசாபுரோ 1873இல் புகைப்படப் பொருள்களையும் விற்கத் தொடங்கினார். ஒளிப்படத்துக்கு வேண்டிய ரசாயனங்கள் மருந்துக்கடைச் சரக்குதானே! 1902இல் அவருடைய ‘ரோகுவோஷா’ என்ற ஆலை எழுந்தது. அடுத்த ஆண்டு அங்கிருந்து வந்த ‘செர்ரி’, துருத்தியில்லாத எளிய தகட்டுப் பெட்டி; வணிகப் பெயர் சூட்டி விற்கப்பட்ட முதல் ஜப்பானியக் கேமராவாகக் கருதப்படுவது. 1909இல் வந்த ‘லில்லி’தான் மடிப்பு வகையில் நிலைத்த பெயர். மரப்பெட்டியாகத் தொடங்கி உலோக உடலுக்கு மாறி 1930கள்வரை அது விற்றது.

ஆனால் பெட்டிதான் உள்நாட்டுச் சரக்கு. லென்ஸும் ஷட்டரும் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து, குறிப்பாக ஜெர்மனியிலிருந்து, வந்தன. உருவமும் ஜெர்மன் கேமராக்களைப் பார்த்து வரைந்ததே. இதை நகல் என்று ஒதுக்குவது எளிது. கற்றுக்கொள்பவர் முதலில் பார்த்துத்தான் வரைவார். 1931இல், அந்த மருந்துக்கடையிலிருந்து வளர்ந்த கோனிஷிரோகு நிறுவனம் தன் சொந்த ‘ஹெக்ஸார்’ லென்ஸை லில்லியில் பொருத்தியது. ஜப்பானிய மொழியில் ‘ரோகு’ என்றால் ஆறு, கிரேக்கத்தில் ‘ஹெக்ஸா’ என்றாலும் ஆறு. நிறுவனரின் பெயர் இப்படி வேறு வேடத்தில் லென்ஸின் மேல் ஏறிக்கொண்டது.

இரண்டாவது கிளை ஓசாகா பக்கம். கசுவோ தஷிமா 1928 நவம்பரில் ஜப்பான்-ஜெர்மன் கேமராக் கடை என்று பொருள்படும் பெயரில் நிறுவனம் தொடங்கினார். வில்லி ஹெய்லமான், பில்லி நாய்மான் என்ற இரு ஜெர்மானியர் அவருக்குத் துணை. 1929இன் முதல் கேமரா ‘நிஃப்காலெட்’ சுருள் ஃபிலிமுக்கானது. 1930இல் 6.5×9 தகட்டுக்கென ‘நிஃப்கா கிளாப்’, ‘நிஃப்கா ஸ்போர்ட்’ இரண்டும் வந்தன. ‘கிளாப்’ என்றாலே ஜெர்மன் மொழியில் மடிப்பு. 1931இல் நிறுவனம் ‘மோல்டா’ ஆனது. ஜெர்மானியர் இருவரும் விலகித் தனியே ஷட்டர் முதலியவை செய்யும் பட்டறை வைத்தார்கள். மோல்டாவின் ‘ஹேப்பி’யும் தகட்டு மடிப்பு வகைதான்.

1933இல் ஒரு தகட்டுக் கேமராவுக்குத்தான் ‘மினோல்டா’ என்ற பெயர் முதன்முதலாகச் சூட்டப்பட்டது. அது ஜெர்மன் சொற்களின் சுருக்கம் என்று விளக்கப்பட்டாலும், ‘மினோரு தா’, விளைந்த நெல்வயல், என்றும் ஒலிக்கும். முற்றிய கதிர் தலை சாய்ந்தே நிற்கும் என்று தாய் சொல்லிவந்ததைத் தஷிமா மறக்காமல் வைத்த பெயர் இது என்பது நிறுவன மரபு. நெல் விளையும் எந்த நாட்டிலும் இதற்கு உரை தேவைப்படாது. 1937இன் ‘ஆட்டோ பிரஸ் மினோல்டா’ பத்திரிகைப் புகைப்படக்காரர்களை எண்ணிச் செய்தது. தொலைவு அளக்கும் கருவி லென்ஸோடு இணைந்திருந்தது. ஃபிளாஷ் விளக்கையும் ஷட்டரோடு இணைக்கலாம். இந்த வகை எட்டிய உச்சம் இதுவே என்று சொல்லலாம்.

அதற்குள் காற்று மாறிவிட்டது. 1934இல் அதே நிறுவனம் சுருள் ஃபிலிமுக்கான ‘செமி மினோல்டா’வை விற்றது, 1936இல் ‘ஹன்சா கேனன்’ 35 மி.மீ. ஃபிலிமோடு கடைக்கு வந்தது. பை நிறையக் கண்ணாடி சுமக்க யார் விரும்புவார்?

இன்று இந்தத் தகட்டுக் கேமராக்களை வாங்க நினைப்பவர், விரித்த துருத்திக்குள் இருட்டறையில் விளக்குப் பிடித்து மடிப்பின் மூலைகளைப் பார்க்க வேண்டும். ஊசித்துளை இருந்தால் அங்கேதான் இருக்கும். தகட்டுக் கூடு சேர்ந்து வந்தால் நல்லது. பொருந்தும் கூட்டைத் தனியே தேடுவது பெரும்பாடு.

லில்லியைச் செய்த நிறுவனம் 1987இல் கோனிகா என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2003இல் கோனிகாவும் மினோல்டாவும் ஒன்றாயின. 2006இல் அந்த நிறுவனம் கேமராத் தொழிலை விட்டு விலகியது.