கட்டணத்தைத் தடுத்தவர்கள், செலவைத் தடுக்காதவர்கள்: இலங்கையின் இலவச சுகாதார சேவையும் பொதுக்கருத்தும்

கொள்ளுப்பிட்டி அல்பிரட் பிளேசில் உள்ள டேர்டன்ஸ் போன்ற தனியார் வைத்தியசாலைகளில் விசேட வைத்தியரைச் சனல் பண்ணி, அதாவது பணம் கட்டி முன்பதிவு செய்து, பார்க்கும் கொழும்பு நடுத்தர வர்க்கம், இலவச சுகாதார சேவையில் அரசு கை வைப்பதை ஏற்பதில்லை. இதை இரட்டை வேடம் என்பார் உளர். இக்கட்டுரையின் வாதம் வேறு: இலங்கையின் பொதுக்கருத்து கட்டணம் விதிப்பதைத் தடுக்கும் வலிமை பெற்றது, செலவு நோயாளியின் தலையில் விழுவதைத் தடுக்கும் வலிமையை அது இன்னும் பெறவில்லை.

அந்த வலிமையின் வேர் வாக்குரிமை. 1931இல் சர்வசன வாக்குரிமை கிடைத்ததும் கிராமத்தவரின் நோய் அரசியல் பிரச்சினையாயிற்று. பல்லாயிரம் உயிர்களைப் பறித்த 1934–35 மலேரியாவுக்குப் பின் வைத்தியசாலை கேட்பது தேர்தல் கோரிக்கையானது. 1951இல் அரச வைத்தியசாலைக் கட்டணம் நீங்கியது. சந்தாவோ காப்புறுதி அட்டையோ இல்லை. பொது வரிப் பணமே முதல்.

1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடத் தொடங்கினார்கள். சிறு தொகைதான், ஆனால் 1977இல் அது ஒழிந்தது. அதே ஆண்டு ஆட்சிக்கு வந்த அரசே, அரச வைத்தியர்கள் கடமை நேரத்துக்கு வெளியே தனியாகத் தொழில் செய்யவும் வழிவிட்டது. கட்டணம் கண்ணுக்குத் தெரிந்ததால் அகன்றது. தனியார் வழி யாரையும் கட்டாயப்படுத்தாததால் நிலைத்தது.

இன்று வெளிநோயாளர் சிகிச்சையில் ஏறத்தாழ பாதி தனியாரிடம் நடக்கிறது. விடுதியில் தங்கிப் பெறும் சிகிச்சையின் மிகப் பெரும்பகுதி அரசிடம். வெள்ளவத்தைக் குடும்பமொன்று காய்ச்சலுக்குக் காலி வீதிக் கிளினிக்கை நாடும். நேரம் மிச்சம், தமிழில் பேசலாம். விபத்தென்றால் தேசிய வைத்தியசாலை, புற்றுநோயென்றால் மகரகம வைத்தியசாலை. சிறு செலவைத் தாங்கி, குடும்பத்தையே கவிழ்க்கும் பெருஞ்செலவை அரசிடம் விடும் கணக்கு இது. வசதியுள்ளவர்களும் ஆபத்தில் அரசையே நம்புவதால்தான் ஆதரவு வர்க்கம் கடந்து நிற்கிறது.

இந்த ஏற்பாடு அரச வரிசையைக் குறைக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அரசே பெரும்பாலும் பணம் செலுத்தும் கனடாவில், பொதுத் திட்டம் வழங்கும் சிகிச்சைக்குத் தனியார் காப்புறுதியைப் பல மாகாணங்கள் கட்டுப்படுத்துவதற்குக் காரணம் உண்டு: வெளியேற வழியுள்ளவர் உள்ளே இருப்பதன் தரத்துக்காகக் குரல் கொடுப்பது அரிது. இலங்கையில் மொத்தச் சுகாதாரச் செலவில் ஏறத்தாழ பாதி தனியாரிடமிருந்து, பெரும்பாலும் மக்களின் சட்டைப்பையிலிருந்து, வருகிறது. 2022 நெருக்கடியில் மருந்து தட்டுப்பட்டபோது 25 சதம் திரும்பி வரவில்லை. வெளியே வாங்கச் சொல்லும் துண்டுதான் வந்தது. அரசாணையில்லாத இந்தக் கட்டணத்தை எந்த வாக்காளராலும் தேர்தலில் தோற்கடிக்க முடியாது.

ஆகவே ‘இலவசமாக இருக்க வேண்டுமா?’ என்ற கேள்விக்குக் கிடைக்கும் ஆதரவை மட்டும் அளப்பதில் பயன் குறைவு. வெளியே எழுதிக் கொடுத்த மருந்துகளையும் பரிசோதனைகளையும் ஒவ்வொரு அரச வைத்தியசாலையும் மாதந்தோறும் வெளியிடச் சட்டம் வேண்டும். மறைந்த கட்டணம் எண்ணாகத் தெரிந்தால்தான், 1977இல் 25 சதத்துக்கு நேர்ந்தது அதற்கும் நேரும்.