ஆன்லைன் டிகிரியில் ‘லைவ்’ கிளாஸ் எவ்வளவு நேரம்? பணம் கட்டும் முன் கேட்க வேண்டியது என்ன?

செஞ்சி அருகே உள்ள தொண்டூர் மாதிரி ஒரு ஊரில் ப்ளஸ் டூ முடித்த மாணவி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் விரும்பும் பாடத்துக்குத் திண்டிவனமோ விழுப்புரமோ தினமும் பஸ் ஏற வேண்டும். போனைத் திறந்தால் விளம்பரம்: ‘வீட்டிலிருந்தே டிகிரி, லைவ் வகுப்புகள்’. வீட்டில் முதலில் வரும் கேள்வி இதுதான்: “வாத்தியார் நேரடியா பேசுவாரா, இல்ல வீடியோ போட்டுட்டுப் போயிடுவாங்களா?”

சரியான கேள்வி. பதில் யுஜிசி விதிகளிலேயே இருக்கிறது.

120 மணி நேரத்தில் லைவ் எவ்வளவு?

தொலைநிலை மற்றும் ஆன்லைன் படிப்புகளுக்கான யுஜிசி விதிமுறைகள் 2020 செப்டம்பரில் வெளியாகின. அதன்படி, 4 கிரெடிட் கொண்ட ஒரு பாடத்துக்கு மாணவர் செலவிட வேண்டிய நேரம் மொத்தம் 120 மணி. 12 வாரம் நடக்கும் அந்தப் பாடத்தில் ஆசிரியரும் மாணவரும் ஒரே நேரத்தில் இணையத்தில் சந்திக்கும் நேரடி அமர்வு வாரத்துக்கு ஒரு மணி நேரம். ஆக, மொத்தம் 12 மணி நேரம்.

அவ்வளவுதானா? அவ்வளவுதான். பத்தில் ஒரு பங்கு.

மீதி நேரத்தில், பதிவு செய்த வீடியோ பாடங்களுக்கு 20 மணி, படிக்கும் பாடப்பொருளுக்கு 20 மணி. கேள்வியை எழுதிப் போட்டு, பதில் வந்தபின் பார்த்துக்கொள்ளும் கலந்துரையாடலுக்கு 24 மணி. மிச்சம் 44 மணி நேரம் தானே படிப்பதும் பயிற்சித் தேர்வுகளும்.

அதனால் ‘ஆன்லைன் டிகிரி’ என்றால் காலை முதல் மாலை வரை ஜூம் வகுப்பு என்று நினைக்க வேண்டாம். அது கொரோனா காலத்தில் நாம் பார்த்த வேறு விஷயம். அப்போது நேரடிக் கல்லூரிகள் மூடிக் கிடந்தன. வழக்கமான டைம்டேபிளை அப்படியே போனுக்குள் மாற்றினார்கள். இப்போது விற்கப்படும் ஆன்லைன் பட்டம், வேலைக்குப் போகிறவரும் தனக்கு வசதியான நேரத்தில் படிக்கட்டும் என்று திட்டமிட்டுக் குறைத்த லைவ் நேரத்தோடு வருவது.

அந்த ஒரு மணி நேரம் ஏன் முக்கியம்?

பாடம் நடத்துவதற்கு லைவ் தேவையே இல்லை. நல்ல ஆசிரியர் ஒருமுறை பதிவு செய்தால் போதும். புரியாத இடத்தை நான்கு முறை ஓட்டிப் பார்க்கலாம். ஐஐடிக்களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் வீடியோக்களைப் பார்த்தே பாடம் படித்தவர்கள் ஏராளம்.

ஆனால், “சார், மூணாவது ஸ்டெப்ல அந்த மைனஸ் எங்கே போச்சு?” என்று கேட்க வீடியோவில் ஆள் கிடையாது. கேட்ட உடனே பதில், அந்தப் பதிலில் இருந்து அடுத்த கேள்வி. லைவ் வகுப்பின் மதிப்பு முழுக்க இங்கேதான் இருக்கிறது.

இங்கே ஒரு கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும். அதே விதிமுறைகள் 250 மாணவர்கள் கொண்ட ஒரு குழுவுக்கு ஒரு வழிகாட்டி ஆசிரியர் என்கின்றன. 250 பேரும் ஒரு மணி நேர அமர்வுக்கு வந்துவிட்டால், ஒருவருக்குக் கிடைப்பது 15 விநாடி கூட இல்லை. எல்லோரும் வர மாட்டார்கள் என்பது வேறு கதை. எல்லோருடைய மைக்கும் மியூட், கேமரா ஆஃப், ஆசிரியர் மட்டும் ஸ்லைடு படித்துக்கொண்டே போகிறார் என்றால் அது லைவ் வகுப்பே இல்லை; நேரம் குறித்து ஓடுகிற வீடியோ, அவ்வளவுதான்.

சென்னை ஐஐடி என்ன செய்கிறது?

தமிழ்நாட்டில் அதிகம் பேசப்படும் ஆன்லைன் பட்டம் சென்னை ஐஐடியின் டேட்டா சயின்ஸ் பிஎஸ் படிப்பு. 2020 ஜூனில் தொடங்கியது. இதில் பாடங்கள் பதிவு செய்த வீடியோக்களாக வாரா வாரம் வரும்; வாரா வாரம் அசைன்மென்ட் உண்டு. லைவ் அமர்வு பெரும்பாலும் சந்தேகம் தீர்க்கவும் கணக்குப் போட்டுக் காட்டவும்தான். தேர்வுக்கு மட்டும் மையத்துக்கு நேரில் போக வேண்டும். ஐஐடியே இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்: சொல்லிக்கொடுப்பது வீடியோவில், பேசுவது லைவில்.

டேட்டா தாங்குமா? சிக்னல் தாங்குமா?

யூடியூப் வீடியோ ஓடும்போது அடுத்து வரப்போகும் காட்சியைப் போன் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். நடுவில் சில விநாடி சிக்னல் போனாலும் உங்களுக்குத் தெரியாது. லைவில் அதற்கு வழியில்லை. ஆசிரியர் இன்னும் பேசாத வாக்கியத்தை எப்படி இறக்கி வைப்பது? அதனால்தான் வீடியோ நன்றாக ஓடும் அதே இடத்தில் லைவ் வகுப்பு ‘ரோபோ குரலில்’ திக்குகிறது. வேகம் அதிகமாக இருப்பதைவிட, சிக்னல் ஏறி இறங்காமல் சீராக இருப்பதுதான் லைவுக்கு முக்கியம்.

டேட்டா செலவு? வீடியோ விநாடிக்கு 600 கிலோபிட் வேகத்தில் வந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 270 எம்பி. குரல் மட்டும் என்றால் 80 கிலோபிட் போதும். அப்போது 36 எம்பிதான். கொரோனா காலம் மாதிரி தினமும் ஐந்து மணி நேரம் என்றால் நாளுக்கு 1.35 ஜிபி. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்களுக்குத் தினமும் 2 ஜிபி இலவச டேட்டா தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது நினைவிருக்கலாம். ஆன்லைன் பட்டத்தில் ஐந்து பாடம் எடுத்தாலும் லைவுக்கு அதே 1.35 ஜிபி ஒரு வாரத்துக்குப் போதும்.

சிக்னல் மோசமான நாளில் உங்கள் கேமராவை அணைத்துவிடுங்கள். அப்படியும் திக்கினால், வருகிற வீடியோவையும் நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் கேட்கலாம். ஸ்லைடை முன்னாடியே அனுப்பச் சொல்லி வாங்கி வைத்திருந்தால் பாடம் புரிந்துவிடும். கேள்வியை சாட்டில் டைப் செய்யலாம்.

பணம் கட்டும் முன்

“லைவ் உண்டா?” என்று கேட்டால் “உண்டு” என்றுதான் சொல்வார்கள். கேள்வியை மாற்றிக் கேளுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த நேரத்தில்? ஒரு அமர்வில் எத்தனை பேர்? நடத்துவது பாட ஆசிரியரா, வேறு ஒருவரா? தமிழில் சந்தேகம் கேட்டால் பதில் வருமா? தவறவிட்டால் ரெக்கார்டிங் எத்தனை நாள் இருக்கும்? முடிந்தால் ஒரு பழைய அமர்வின் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். அதில் மாணவர் குரல் எத்தனை முறை கேட்கிறது என்று எண்ணினாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

வருகைப் பதிவும் உண்டு. செமஸ்டர் தேர்வு எழுத, பாடத்தின் செயல்பாடுகளில் 75 சதவீதப் பங்கேற்பு வேண்டும் என்கின்றன விதிகள். கரன்ட் போய் லைவ் அறுந்த நாளில் ரெக்கார்டிங் பார்த்தால் அது கணக்கில் வருமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. மதிப்பெண்ணில் குறைந்தது 70 சதவீதம் செமஸ்டர் தேர்வுக்குத்தான் என்பதால், தேர்வு வீட்டிலிருந்தா, மையத்திலா, மையம் என்றால் எந்த ஊர் என்பதும் செலவுக் கணக்கில் சேரும்.

அனுமதி பெற்ற ஆன்லைன் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று யுஜிசி 2022 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. ‘அனுமதி பெற்ற’ என்பதுதான் இதில் முக்கியம். பல்கலைக்கழகத்துக்கு மட்டும் அனுமதி இருந்தால் போதாது. நீங்கள் சேரும் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கும் அந்த ஆண்டுக்கும் இருக்க வேண்டும். யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பட்டியலைப் பார்க்கலாம். பொறியியல், மருத்துவம், நர்சிங், சட்டம் போன்ற பட்டங்களை ஆன்லைனில் நடத்த அந்த விதிகளில் இடமே இல்லை. ‘லைவ் கிளாஸோட தர்றோம்’ என்று யாராவது போன் செய்தால் கட்டணம் எவ்வளவு என்றுகூடக் கேட்க வேண்டியதில்லை.