காற்றும் நிழலும் கட்டிய பள்ளிக்கூடங்கள்



பரிசளிப்பு விழா மலர் என்றால் மாணவர்களின் வெற்றியைப் பற்றி எழுதுவது வழக்கம். இம்முறை, அந்த வெற்றிக்கு இடம் கொடுக்கும் பள்ளிக் கட்டடத்தின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். "செங்கல்லுக்கும் தகரத்துக்கும் என்னய்யா சரித்திரம்?" என்று கேட்காதீர்கள். மத்தியான வேளையில் கணக்குப் பாடம் மண்டையில் ஏறுவதும் ஏறாததும் தலைக்குமேல் இருக்கும் கூரையைப் பொறுத்தது என்பது வகுப்பில் உட்கார்ந்த எல்லோருக்கும் தெரியும்.

முதலில் நம் கதை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. பள்ளி வந்தது, நல்ல கட்டடம் எல்லா இடத்திலும் வரவில்லை. பல தோட்டங்களில் பலகைச் சுவரும் அத்தாப்புக் கூரையும்தான் பள்ளிக்கூடம். அத்தாப்பு ஒழுகும், நெருப்புக்கு ஆகாது, சில ஆண்டுக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: அது சுடாது. ஓலைக்கு நடுவே காற்று தங்கி வெயிலைத் தடுத்தது. பிறகு தகரம் வந்தது. ஒழுகல் நின்றது, புழுக்கம் புகுந்தது. மழை பெய்தால் ஆசிரியர் பேசுவதும் காதில் விழாது! அதன்பின் கல் கட்டடம், மின்விசிறி, இப்போது சில அறைகளில் குளிர்சாதனம். வசதி கூடக்கூட மின்கட்டணமும் கூடியது.

இதே சிக்கலை உலகம் எப்படித் தீர்த்தது? மூன்று பள்ளிகளைப் பார்ப்போம்.

முதலாவது, ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் 1930இல் திறந்த திறந்தவெளிப் பள்ளி. காசநோய்க்கு மக்கள் அஞ்சிய காலம் அது. வெயிலும் தூய காற்றுமே மருந்து என்று நம்பி, யான் டாய்க்கர் என்னும் கட்டடக் கலைஞர் கண்ணாடியும் கான்கிரீட்டுமாக ஒரு பள்ளியை எழுப்பினார். மாடிதோறும் வெளியில் அமர்ந்து படிக்கும் இடம் வைத்தார்.

இரண்டாவது, இங்கிலாந்தில் லிவர்பூல் அருகே வாலசி என்னும் ஊரில் 1961இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் பள்ளி. எம்ஸ்லி மோர்கன் என்பவர் வரைந்தது. குளிர்நாடு அல்லவா? தெற்குப் பக்கம் முழுவதும் இரட்டைக் கண்ணாடிச் சுவர். அதன்வழி வரும் வெயிலின் சூடு, விளக்குகளின் சூடு, பிள்ளைகளின் உடற்சூடு மூன்றையும் கனத்த சுவர்களும் தளங்களும் பிடித்து வைத்துக்கொண்டன. ஆம், உங்கள் பிள்ளையின் உடம்பும் ஒரு சிறு அடுப்புதான்! அங்கே அது வரவு. முப்பது பேர் நெருங்கி அமரும் நம் வகுப்பிலோ அது செலவு.

மூன்றாவது கதைதான் நம் மனத்தைத் தொடுவது. மேற்கு ஆப்பிரிக்காவில் புர்க்கினா பாசோ என்று ஒரு ஏழை நாடு. அங்கே காண்டோ என்னும் கிராமத்தில் 1965இல் பிறந்தவர் பிரான்சிஸ் கெரே. ஊரில் பள்ளி கிடையாது. ஏழு வயதில் வேறு ஊருக்குப் போய், நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு ஒரே புழுக்கமான அறையில் படித்தார். விடுமுறை முடிந்து கிளம்பும்போதெல்லாம் கிராமத்துப் பெண்கள் தங்கள் துணியில் முடிந்திருந்த கடைசிக் காசை அவிழ்த்துக் கையில் வைப்பார்களாம், படித்துவிட்டு வந்து ஊருக்கு ஏதாவது செய்வான் என்ற நம்பிக்கையில்.

பையன் மறக்கவில்லை. தச்சுத்தொழில் பயில உதவித்தொகையில் ஜெர்மனி சென்றவர், பெர்லினில் கட்டடக்கலை படித்தார். மாணவராக இருக்கும்போதே நண்பர்களிடம் நிதி திரட்டி, 2001இல் தம் ஊரில் மூன்று வகுப்பறை கொண்ட பள்ளியைக் கட்டி முடித்தார். களிமண் என்றதும் ஊரார், "மழைக்கு நிக்குமா?" என்று தயங்கினார்கள். அவர் மண்ணோடு கொஞ்சம் சிமெண்டு கலந்து அழுத்திச் செங்கல் செய்தார். பிள்ளைகள் அடித்தளத்துக்குக் கல் பொறுக்கினார்கள். பெண்கள் தண்ணீர் சுமந்தார்கள். இளைஞர்கள் கம்பி அறுக்கவும் பற்றவைக்கவும் கற்றார்கள்.

அந்தக் கூரையின் சூட்சுமத்தைக் கேளுங்கள். வகுப்புக்குமேல் செங்கல்லால் ஒரு கூரை. அதற்கும் மேலே, கம்பிச் சட்டங்களில் தூக்கி நிறுத்திய தகரக் கூரை. இரண்டுக்கும் நடுவே காற்று ஓடுகிறது. தகரம் காய்ந்தாலும் சூட்டைக் காற்று வாரிக்கொண்டு போய்விடும். அறையின் வெப்பக்காற்று இடுக்கு வழியே மேலேறிவிடும். நீண்ட தாழ்வாரம் மண்சுவரை மழையிலிருந்து காக்கும். மின்சாரம் ஒரு துளியும் வேண்டாம். 2004இல் ஆகா கான் விருது கிடைத்தது. 2022இல் கட்டடக்கலையின் தலைசிறந்த பிரிட்ஸ்கர் விருதைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் கெரேதான்.

ஆகவே நாமும் மண்சுவர் வைக்கலாமா? அவசரப்படாதீர்கள். அவர்கள் நாடு வறண்டது. நமது நாடோ ஈரம் நிறைந்தது, இரவிலும் வெப்பம் அதிகம் தணியாது. கனத்த சுவர் வாங்கிய சூட்டை எளிதில் விடாது. நமக்கு வேண்டியது நிழலும் ஓடும் காற்றும். அத்தாப்புக் காலத்துப் பெரியவர்களுக்கு இது தெரிந்திருந்தது.

இது பேச்சுக்கு அழகாகச் சொல்லும் விஷயமல்ல. 2016 மார்ச்சில் பெர்லிசிலும் கெடாவிலும் வெப்பம் தாங்காமல் 250க்கு மேற்பட்ட பள்ளிகளை மூட நேர்ந்தது. பள்ளி மூடினால் படிப்புப் போகிறது. மூடாமல் புழுங்கினாலும் படிப்புப் போகிறது.

எனவே பெற்றோர்களே, புதுக் கட்டடத்துக்கோ பழைய கட்டடத்தைச் செப்பனிடவோ வரைபடம் வரும்போது, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கூச்சப்படாமல் கேளுங்கள்: சன்னல்கள் வடக்கும் தெற்கும் பார்க்கின்றனவா? காலை வெயிலும் மாலை வெயிலும் நேரே உள்ளே விழுமா? ஒரு பக்கம் நுழையும் காற்றுக்கு மறுபக்கம் வழி உண்டா? தகரத்துக்கும் உட்கூரைக்கும் நடுவே சூடு வெளியேற இடம் விட்டிருக்கிறதா? தாழ்வாரம் போதிய அகலமா? மேற்குப் பக்கம் நிழல்மரம் நடுவார்களா?

இவற்றைக் கேட்கப் பட்டம் தேவையில்லை. வெயிலில் பால் வெட்டியவருக்கும் செம்பனைக் குலை சுமந்தவருக்கும் நிழலின் அருமையை யார் சொல்லித்தர வேண்டும்? காண்டோ கிராமத்துப் பெண்கள் முடிச்சவிழ்த்துக் கொடுத்த காசு பள்ளிக்கூடமாகத் திரும்பி வந்தது. நம் பிள்ளைகளிலும் ஒரு கட்டடக் கலைஞர் இன்று பரிசு வாங்க மேடையேறலாம். அதுவரை அந்தப் பிள்ளை வியர்க்காமல் படிக்க வழிசெய்வது நம் கடமை.

வாழ்க தமிழ்ப்பள்ளி!