காகிதக் குழலும் இரும்புக் குழலும்

தீபாவளி இரவில் கம்பம் பள்ளத்தாக்கின் எந்த ஊரிலும் ராக்கெட் வாணங்கள் சீறிப் பாய்வதைக் காணலாம். காகிதக் குழலுக்குள் கருமருந்து. குழலோடு கட்டிய குச்சி. இவ்வளவுதான்! இதைப் போர்க்கருவியாக்க முக்கியமாகத் தேவைப்பட்டது எது தெரியுமா? குழலின் வலிமைதான்.

மருந்து எரியும்போது தோன்றும் வாயுக்கள் அடித்துளை வழியே வெளியேற, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி குழல் எதிர்த்திசையில் பாய்கிறது. உள்ளே அழுத்தம் மிகுந்தால் உந்துவிசையும் மிகும். ஆனால், காகிதம் அதைத் தாங்காமல் கிழிந்துவிடும் அல்லவா?

மைசூரின் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் இரும்புக் குழல்களைப் பயன்படுத்தினர். குழலின் நீளம் ஏறத்தாழ 20 செ.மீ.தான், அதனுடன் நீண்ட மூங்கில் கழி. அவை 1 கி.மீ.க்கு அப்பாலும் பாய்ந்தன. குறி தவறுவது உண்டு. எனினும் கூட்டமாக ஏவியபோது குதிரைகள் மிரண்டன, படையணிகள் கலைந்தன. 1780 செப்டம்பர் 10இல் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை மைசூர்ப் படை முறியடித்தது. அப்போரில் இவ்வாணங்களும் பங்கு கொண்டன.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. கைப்பற்றிய வாணங்கள் இங்கிலாந்து சென்றன. அங்கே வில்லியம் காங்கிரீவ் குழலின் அளவையும் மருந்தின் கலவையையும் சோதித்துத் திருத்தினார். 1806இல் பிரான்சின் பூலோன் துறைமுகத்தின்மீது அவருடைய வாணங்கள் பொழிந்தன. உலகம் அவற்றைக் 'காங்கிரீவ் ராக்கெட்' என்றே அழைத்தது. இரும்பை அடித்துக் குழலாக்கிய மைசூர்க் கொல்லரை நினைப்பார் இல்லை.

1989இல் பறந்த நமது அக்னி ஏவுகணையின் முதற்கட்டமும் திட எரிபொருளால் இயங்கியதே. அடுத்த தீபாவளியில் ஒரு வாணம் மேலே செல்லாமல் தரையிலேயே வெடித்தால், அந்தக் கொல்லரை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.