பலதுறைப் பொருள் வடிவமைப்புக் கல்வி

ஒரு பொருளைக் கையாளப்போகிறவரின் தேவையில் தொடங்கி, அதன் உருவம், இயக்கம், விலை, பழுதுபார்ப்பு வரை முடிவுசெய்வது பொருள் வடிவமைப்பு. பொறியியல், வேளாண்மை, வணிகவியல், சமூகவியல், கலை எனப் பல துறை மாணவர்களை ஒரே குழுவாக்கி, ஒரே பொருளைச் செய்யவைத்து இதைக் கற்பிப்பது பலதுறைப் பொருள் வடிவமைப்புக் கல்வி.

இந்தியாவில் இதற்கான விதை ஒரு சொம்பில் இருக்கிறது. இந்திய அரசின் அழைப்பில் வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958இல் அளித்த அறிக்கை, நம் வீட்டுச் சொம்பைப் பற்றி அடுக்கடுக்காகக் கேள்வி கேட்டது. எவ்வளவு நீர் கொள்ளவேண்டும், இடுப்பில் வைத்தால் எடை எப்படி நிற்கும், எந்த அளவுக் கைக்குப் பொருந்தும், கழுவ எளிதா, என்ன விலை ஆகும்? இவற்றுக்கெல்லாம் ஒரே துறைக்காரர் விடை சொல்லிவிட முடியாது. அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961இல் உருவானது. மும்பை ஐஐடியின் தொழில் வடிவமைப்பு மையம் 1969இல் வந்தது.

துறைகளைக் கலந்த வகுப்புக்கு உலகெங்கும் காட்டப்படும் சான்று, அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 2007இல் நடந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு மலிவான இன்குபேட்டர் செய்யப் புறப்பட்ட குழு நேபாளம் சென்றது. நன்கொடையாக வந்த இன்குபேட்டர்கள் மருத்துவமனையில் சும்மா கிடந்தன. குழந்தைகளோ மின்சாரம் நிலையற்ற கிராமங்களில் பிறந்துகொண்டிருந்தன. கடைசியில் அவர்கள் செய்தது, சூடாக்கிய மெழுகுப் பையைச் செருகிவைக்கும் ஒரு சிறு உறைப்பை. வணிக மேலாண்மையும் மின்னியலும் கணினியியலும் படித்தவர்கள் அக்குழுவில் இருந்தனர். தமிழ்நாட்டில் கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்தா பல்கலைக்கழகம், 2013 முதல் ‘லிவ்-இன்-லேப்ஸ்’ திட்டத்தில் பல துறை மாணவர்களைக் கிராமங்களில் தங்கவைத்துப் பயிற்றுவிக்கிறது.

இக்கல்வி எதைக் கற்றுத்தர வேண்டும் என்பதைக் காட்ட நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையைவிடப் பொருத்தமான இடம் அரிது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே வாழும் மலையாளிப் பழங்குடியினரின் மரபுவழி உணவு சாமை, தினை, கேழ்வரகு. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி பரவியபோது சாமைக் காடுகள் சுருங்கின. மரவள்ளி தந்த பணம் ஒரு காரணம் என்றால், உலக்கை இன்னொன்று. சாமை மணி மிகச் சிறிது. உமி இறுகப் பற்றியிருக்கும். உரலில் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடியும் குத்தவேண்டும். அந்த வேலை முழுதும் பெண்களின் தோளில் விழுந்தது. ஒரு பயிர் தட்டிலிருந்து மறைவதற்கு அந்தத் தோள்வலி போதும். 1990களிலிருந்து அங்கு பணிபுரியும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இதைக் கண்டுகொண்டது. விதைப் பாதுகாப்போடு நில்லாமல், சுய உதவிக் குழுக்கள் நடத்தும் சிறு அரவை இயந்திரங்களையும் ஊர்களுக்குக் கொண்டுவந்தது.

அந்த இயந்திரத்தைச் சுற்றி ஒரு மாணவர் குழுவை உட்காரவைத்துப் பார்க்கலாம். இயந்திரவியல் மாணவர் சுழலும் வேகத்தைப் பார்ப்பார்: கூடினால் குருணை, குறைந்தால் உமி போகாத மணி. மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, பெருஞ்சாமை என்று இரகங்கள் பல. ஒன்றாகக் கொட்டினால் எந்த வேகமும் சரிப்படாது, முதலில் சல்லடை வேண்டும் என்று வேளாண் மாணவர் சொல்வார். உணவியல் மாணவருக்குத் தவிட்டைப் பற்றிய கவலை. தீட்டித் தள்ளினால் சத்து போகும், விட்டுவைத்தால் அரிசி சீக்கிரம் சிக்கடிக்கும். ஊருக்கு வரும் மின்சாரம் ஒருமுனையா மும்முனையா என்பது மோட்டாரையே மாற்றிவிடும். ஊரில் விளையும் சாமை இயந்திரத்துக்குப் போதுமான வேலை தருமா, கிலோவுக்கு எவ்வளவு கூலி வாங்கினால் பெல்ட் மாற்றக் காசு மிஞ்சும் என்று வணிகவியல் மாணவர் கணக்குப் போடவேண்டும். தானியம் கொட்டும் வாய் எந்த உயரத்தில் இருக்கவேண்டும் என்பதை மட்டும், மூட்டை தூக்கும் பெண்ணை அருகில் நிறுத்தி அளந்தால்தான் தெரியும்.

ஆகவே இப்பாடத்தில் வரைபடத்துக்கும் மாதிரிக்கும் மதிப்பெண் தருவது பாதி வேலைதான். அரைத்த சாமையை ஒரு கைப்பிடி அள்ளி முறத்தில் பரப்பி, உமியோடு நிற்கும் மணிகளைச் சுய உதவிக் குழுப் பெண்களே எண்ணிச் சொல்வது நேர்மையான தேர்வு. சிக்கல் காலத்தில் இருக்கிறது. பல்கலைக்கழகப் பருவம் சில மாதங்களில் முடிந்துவிடும். மழையை நம்பி விதைக்கும் சாமையோ, தேர்வு அட்டவணையைப் பார்த்து விளைவதில்லை. அறுவடை முடிந்து மூட்டைகள் அரவைக்கு வரும் நாட்களில்தான் பெல்ட் அறும், கல் தேயும், சல்லடை அடைக்கும். ஒரு குழு விட்டுச்சென்ற இயந்திரத்தை அடுத்த ஆண்டு மாணவர்கள் அதே ஊரில் பிரித்துப் பார்த்துத் தொடரும்படி பாடத்திட்டம் அமையவேண்டும்.