எதிரணியின் மைதானத்தில்: வடக்கின் பெரும் சமர்

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் சுண்டிக்குளி பரி. யோவான் கல்லூரிக்கும் இடையே 1904ஆம் ஆண்டு தொடங்கிய துடுப்பாட்டப் போட்டி, அதாவது தமிழகத்தார் கிரிக்கெட் என்று சொல்லும் ஆட்டம், ‘வடக்கின் பெரும் சமர்’ என்ற பெயரில் இன்றும் மார்ச் மாதத்தில் நடைபெற்று வருகிறது. இலங்கையில் கல்லூரி என்பது பட்டப்படிப்பு நிலையத்தை மட்டுமன்றிப் பழம்பெரும் பள்ளிக்கூடங்களையும் குறிப்பதால், களமிறங்குவோர் பத்தொன்பது வயதுக்கு உட்பட்ட மாணவர்களே. ஆயினும் அவர்களுக்குப் பின்னால் நிற்பது ஒரு நூற்றாண்டைக் கடந்த போட்டியும், அதைவிட மூத்த இரு நிறுவனங்களின் வரலாறும் ஆகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூன்று புரட்டஸ்தாந்துக் கிறித்தவச் சபைகள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் கல்விப் பணியாற்றின. அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டை, தெல்லிப்பழை முதலிய ஊர்களில் நிலைகொள்ள, பிரித்தானியரான மெதடிஸ்தரும் ஆங்கிலிக்கத் திருச்சபையினரும் நகரத்திலும் அதையொட்டிய பகுதிகளிலும் பள்ளிகளை அமைத்தனர். மெதடிஸ்தர் 1816இல் தொடங்கிய பள்ளியே பின்னர் மத்திய கல்லூரியாயிற்று. ஆறுமுக நாவலர் அங்கே பயின்று, ஆசிரியராகவும் இருந்து, பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றார். 1823இல் நல்லூரில் ஆங்கிலிக்கர் தொடங்கிய பள்ளி, பிற்காலத்தில் சுண்டிக்குளிக்கு இடம்பெயர்ந்து பரி. யோவான் கல்லூரியாக வளர்ந்தது. ஒரே நகரத்தின் குடும்பங்களிலிருந்து, அதிலும் பெரும்பாலும் சைவக் குடும்பங்களிலிருந்து, இரு பள்ளிகளுமே பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டதால், எதிரணி என்பது தொடக்கத்திலிருந்தே உறவுக்காரரும் அயலவரும் அடங்கிய அணியாகவே இருந்தது. இப்போட்டியில் முறுகல் இருந்தும் வன்மம் வேரூன்றாமைக்கு முதற்காரணமாக இதையே கொள்ளவேண்டும்.

பள்ளிக்குப் பள்ளி ஆண்டுதோறும் மோதும் வழக்கம் இங்கிலாந்திலிருந்து வந்தது. ஈட்டன், ஹரோ பள்ளிகள் 1805இல் இலண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் ஆடியபோது ஹரோ அணியில் கவிஞர் பைரன் இருந்தார்; கொழும்பில் றோயல் கல்லூரியும் புனித தோமையார் கல்லூரியும் 1879இல் அதே வழியைத் தொடங்கின. பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தில், தரைப்படை, கடற்படைக் கல்லூரிகள் 1890 முதல் மோதிவருகின்றன. அங்கே ஆட்டம் முடிந்ததும் இரு அணியினரும் ஒன்றாக நின்று, தோற்றவரின் கல்லூரிப் பாடலை முதலிலும் வென்றவரின் பாடலை அடுத்தும் பாடுவது மரபாகிவிட்டது.

யாழ்ப்பாணத்தில் மரியாதை வேறு வடிவில் வெளிப்படுகிறது. அண்மைக் காலத்தில் ஆட்டம் மத்திய கல்லூரி மைதானத்திலேயே நடப்பதால், ஒரு தரப்பு எப்போதும் விருந்தாளியாகவும் மறுதரப்பு எப்போதும் விருந்தோம்புவோராகவும் அமைகின்றன. எதிரணியின் மண்ணில் வந்து வெற்றியைக் கொண்டாடும் உரிமை விருந்தாளிக்கு உண்டு என்பதை அனைவரும் ஏற்றுக்கொண்டுள்ளனர். மூன்று நாள் ஆட்டத்தில் ஒவ்வோர் அணியும் இருமுறை துடுப்பெடுத்தாட, எல்லைக்கோட்டுக்கு வெளியே கொடிகளும் மேளமுமாக மாணவர்கள் நிற்க, கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் விடுப்பெடுத்து வந்த பழைய மாணவர்கள் தத்தம் காலத்து ஆட்டங்களை ஓவர் ஓவராக நினைவுகூர்கின்றனர். அந்த நினைவில் தம் அணியின் வீரர்களைப் போலவே தம்மைத் தோற்கடித்த பந்துவீச்சாளரும் இடம்பெறுகிறார் என்பது கவனிக்கத்தக்கது.

இந்த விருந்தோம்பல் எவ்வளவு விலை கேட்கக்கூடும் என்பதை இலங்கையின் உள்நாட்டுப் போர்க்காலம் காட்டியது. பரி. யோவான் கல்லூரியின் அதிபர் சி. ஈ. ஆனந்தராஜா, தம் மாணவர்களுக்கும் இலங்கை இராணுவத்தினருக்கும் இடையே ஒரு துடுப்பாட்டப் போட்டிக்கு ஏற்பாடு செய்தார் என்ற குற்றச்சாட்டின் பேரில், 1985 ஜூனில் சுட்டுக் கொல்லப்பட்டார். எதிரியோடும் விதிகளுக்கு உட்பட்டு ஆடலாம் என்பது அக்கல்லூரி எண்பது ஆண்டுகளாக மைதானத்தில் கடைப்பிடித்த நெறி. அதை மைதானத்துக்கு வெளியே கொண்டுசெல்ல அக்காலம் இடந்தரவில்லை. அவருடைய மரணத்தைச் சொல்லாமல் இப்போட்டியின் வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது.

மத்திய கல்லூரி யாழ்ப்பாணக் கோட்டைக்கு அருகில் இருந்ததால் முற்றுகையும் குண்டுவீச்சும் அதன் வாசலுக்கே வந்தன. சில ஆண்டுகளில் ஆட்டமே நடைபெறவில்லை. 1995 அக்டோபர் இறுதியில் போரால் மக்கள் வெளியேற, நகரமே வெறிச்சோடியது. போரின் வெவ்வேறு கட்டங்களில் கடல் கடந்த குடும்பங்களுள் பல, தமிழகத்தின் கும்மிடிப்பூண்டி, புழல் அகதி முகாம்களில் வாழ்க்கையைத் தொடர்ந்தன. பள்ளி ஆவணங்களும் ஆசிரியர்களும் சிதறிய அக்காலத்திலும் இரு கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் வெளிநாடுகளில் இயங்கி, தம் பள்ளிகளுக்குப் பொருளுதவி செய்துவந்தன.

யாழ்ப்பாணத்தில் இத்தகைய பள்ளிப் போட்டி தனித்த வழக்கமன்று. யாழ்ப்பாணம் பத்திரிசியார் கல்லூரியும் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியும் ‘பொன் அணிகளின் போர்’ என்ற பெயரில் மோதுகின்றன. ஆனால் சமரும் போரும் பெயரளவில் நின்று, ஆடி முடித்த பிள்ளைகள் கைகுலுக்கிக்கொண்டு வீடு திரும்பும் நிகழ்ச்சி, மெய்யான போரைக் கண்ட அந்த நகரத்துக்கு எவ்வளவு அரியது என்பதை அங்கு வாழ்ந்தவர்கள் அறிவர். மத்திய கல்லூரியின் மைதானத்துக்கு இன்றும் பரி. யோவான் மாணவர்கள் தம் கொடிகளோடு ஊர்வலமாக வருகின்றனர். வாயில் அவர்களுக்காகத் திறந்தே இருக்கிறது.