ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல்லும் பிரதிப்பெயரும்

ஆங்கிலத்தில் டு, ஃபார், வித், அட், பிட்வீன் போன்ற முன்னிடைச்சொல்லை அடுத்து வரும் பிரதிப்பெயர் செயப்படுபொருள் வடிவத்தை ஏற்கும். ஐ என்பது மீ ஆகும். ஹீ என்பது ஹிம் ஆகும். இரண்டும் ஒட்டி நிற்கும்வரை பொது ஆங்கிலம் பேசுவோர் இதில் தடுமாறுவதில்லை. இடையில் வேறு சொல் புகுந்தாலோ, பிரதிப்பெயர் வாக்கியத்தின் தொடக்கத்துக்கு நகர்ந்தாலோதான் வழக்கு பலவாகப் பிரிகிறது. இலக்கணிகளின் நெடுநாள் பூசல்களும் அந்த இடங்களைச் சுற்றியே நடந்தன.

வடிவங்கள்

எழுவாயாக வரும் ஐ, ஹீ, ஷீ, வீ, தே, ஹூ ஆகியவை முன்னிடைச்சொல்லுக்குப் பின் முறையே மீ, ஹிம், ஹெர், அஸ், தெம், ஹூம் என்று மாறும். யூ, இட் இரண்டும் மாறா. 'வித் மீ' (என்னோடு), 'ஃபார் தெம்' (அவர்களுக்காக), 'அட் ஹெர்' (அவளை நோக்கி) என்பவை இயல்பான தொடர்கள். தென்மேற்கு இங்கிலாந்தின் வட்டார வழக்குகளில் மட்டும், அழுத்திச் சொல்லும் இடத்தில் 'டு ஹீ' என்பது போன்ற தொடர்களைக் கேட்கலாம்.

வரலாறு

பழைய ஆங்கிலத்தில் முன்னிடைச்சொற்கள் ஒரே வேற்றுமையை ஆளவில்லை. சில, கொடைப்பொருளை உணர்த்தும் வேற்றுமையை வேண்டின; சில, செயப்படுபொருள் வேற்றுமையை வேண்டின; சில, பொருளுக்கேற்ப இரண்டையும் ஏற்றன. 'அவனை' என்பதற்கு ஹினெ, 'அவனுக்கு' என்பதற்கு ஹிம் என இரு வடிவங்கள் இருந்தன. இடைக்கால ஆங்கிலத்தில் இவை ஒன்றாயின. ஹினெ வழக்கொழிந்து ஹிம் நிலைத்தது. ஹூம் என்பதும் கொடை வேற்றுமை வடிவத்தின் வழிவந்ததே. தெம் ஸ்காண்டிநேவியக் குடியேறிகளின் மொழியிலிருந்து வந்தது.

யூ என்பதன் கதை வேறு. முன்பு யீ எழுவாயாகவும் யூ செயப்படுபொருளாகவும் வழங்கின. 1611இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிள் இந்த வேறுபாட்டைப் பேணியது. பேச்சு வழக்கில் அதற்கு முன்பே யூ இரண்டு இடங்களையும் பிடித்துவிட்டது. அதனால்தான் இன்று முன்னிடைச்சொல்லுக்குப் பின்னும் யூ மாறாமல் நிற்கிறது.

இணைப்புச்சொல் புகும் இடம்

முன்னிடைச்சொல்லுக்கும் பிரதிப்பெயருக்கும் இடையில் இன்னொரு பெயரும் 'அண்ட்' என்ற இணைப்புச்சொல்லும் வந்தால் வடிவம் பிறழ்வதுண்டு. விதிப்படி 'பிட்வீன் யூ அண்ட் மீ' (உனக்கும் எனக்கும் இடையே) என்றுதான் வரவேண்டும். ஆனால் 'பிட்வீன் யூ அண்ட் ஐ' என்பது படித்தவர் பேச்சிலும் பரவலாகக் கேட்கிறது. 'மீ அண்ட் டாம்' என்று வாக்கியத்தைத் தொடங்கும் குழந்தைகளைப் பள்ளியில் திருத்துவதால், மீ என்றாலே பிழை என்ற அச்சம் படிந்துவிட்டது என்பது பலரும் தரும் விளக்கம். அது முழுக்கப் பொருந்தாது. ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் நகர வணிகன்' நாடகத்தில், அந்தோனியோ எழுதும் கடிதத்திலேயே இந்தத் தொடர் உள்ளது. இணைப்புச்சொல்லுக்கு அப்பால் முன்னிடைச்சொல்லின் ஆட்சி தளர்கிறது என்று கருதும் மொழியியலாளர்களும் உண்டு.

எழுத்தில் சரிபார்க்க எளிய வழி, இணைந்துள்ள மற்றப் பெயரை நீக்கிப் படிப்பது. 'ஃபார் டாம் அண்ட் ஐ' என்பதில் டாமை எடுத்தால் 'ஃபார் ஐ' என்று நிற்கும். பிழை அப்போதே தெரியும். ஐ, மீ இரண்டுக்கும் அஞ்சி அலுவலகக் கடிதங்களில் மைசெல்ஃப் என்று எழுதும் வழக்கத்தையும் நடைநூல்கள் பரிந்துரைப்பதில்லை.

ஹூ, ஹூம்

வினாப் பிரதிப்பெயர் வாக்கியத்தின் தலைக்குச் செல்லும்போது முன்னிடைச்சொல்லுக்கு இரு வழிகள் உண்டு. அதுவும் உடன் செல்லலாம்: 'டு ஹூம் டிட் யூ ஸ்பீக்?' பின்தங்கி இறுதியிலும் நிற்கலாம்: 'ஹூ டிட் யூ ஸ்பீக் டு?' இரண்டுக்கும் 'யாரிடம் பேசினாய்?' என்பதே பொருள். முதல் வகையில் இரு சொற்களும் ஒட்டியிருப்பதால் ஹூம் கட்டாயம். இரண்டாவதில் அவை பிரிந்துவிடுவதால் ஹூ இயல்பாகிவிட்டது. முன்னிடைச்சொல்லும் உடன் செல்வதற்கு, எலிகளையும் குழந்தைகளையும் குழலூதி அழைத்துச் சென்ற ஹேம்லின் நகரக் கதையை ஒட்டி 'பைட் பைப்பிங்' என்று பெயர். அமெரிக்க மொழியியலாளர் ஜான் ராஸின் 1967ஆம் ஆண்டு ஆய்வேட்டின் வழியே அது பரவியது.

இறுதியில் முன்னிடைச்சொல் நிற்பதை 1672இல் கவிஞர் ஜான் டிரைடன் குறையாகச் சுட்டினார். அவர் எடுத்துக்காட்டியது நாடகாசிரியர் பென் ஜான்சனின் எழுத்தை. 1762இல் இலக்கண நூல் எழுதிய ராபர்ட் லௌத் அதைத் தடை செய்யவில்லை. பேச்சுக்கு அது பொருந்தும், உயர்நடைக்கு மற்றதே அழகு என்பது அவர் கருத்து. பின்வந்த பாடநூல்கள் அதை விலக்காக்கின. 1926இல் வெளியான தம் வழக்கு அகராதியில் ஹெச். டபிள்யூ. ஃபௌலர் இந்த விலக்கை மூடநம்பிக்கை என்று ஒதுக்கினார்.

தொடர்புப் பிரதிப்பெயர்களில் ஒன்று கவனிக்கத்தக்கது. 'தி ஹவுஸ் இன் விச் ஐ லிவ்' (நான் வாழும் வீடு) என்று விச்சுக்கு முன் முன்னிடைச்சொல் வரலாம். தட் வந்தால் அது முடியாது. 'தி ஹவுஸ் தட் ஐ லிவ் இன்' என்று இறுதியில்தான் நிற்க வேண்டும்.

தேர்விலும் சிக்க வைக்கும் இடம் ஹூஎவர். 'கிவ் இட் டு ஹூஎவர் கம்ஸ்' (வருபவர் யாராயினும் அவரிடம் கொடு) என்பதில் டு ஆள்வது பின்வரும் துணைவாக்கியம் முழுவதையும். ஹூஎவர் அந்தத் துணைவாக்கியத்தின் எழுவாய். ஆகவே இங்கே ஹூமெவர் வராது.

தற்சுட்டும் உடைமையும்

எழுவாயையே திரும்பச் சுட்டும்போது தற்சுட்டு வடிவம் வேண்டும்: 'ஷீ இஸ் டாக்கிங் டு ஹெர்செல்ஃப்' என்றால் தனக்குத்தானே பேசுகிறாள், 'டு ஹெர்' என்றால் வேறொருத்தியிடம் பேசுகிறாள். இடத்தைக் குறிக்கும் முன்னிடைச்சொற்களில் இந்தக் கட்டாயம் தளர்கிறது. 'ஹீ லுக்ட் பிஹைண்ட் ஹிம்' என்றால் தனக்குப் பின்னால் பார்த்தான் என்றே பெரும்பாலும் கொள்வர். 'பை மைசெல்ஃப்' என்பது தனியாக என்ற பொருளில் நிலைத்த தொடர்.

ஆஃப் என்பதற்குப் பின் உடைமை வடிவம் வரும் தொடர்களும் உண்டு: 'எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்' (என் நண்பர்களில் ஒருவர்). இங்கே மீ வருவதில்லை. அளவுச்சொற்களை அடுத்துப் பிரதிப்பெயர் வரும்போது ஆஃப் விலக்க முடியாததாகிறது. 'ஆல் தி பாய்ஸ்' சரி. ஆனால் பிரதிப்பெயர் வந்தால் 'ஆல் ஆஃப் தெம்' என்றே சொல்ல வேண்டும்.

வினையோடு வரும்போது

'லுக் அட் இட்' என்பதில் அட் முன்னிடைச்சொல். பிரதிப்பெயர் அதற்குப் பின்னரே வரும். 'பிக் இட் அப்' என்பதில் அப் வினையின் ஒரு கூறு. பிரதிப்பெயர் இரண்டுக்கும் நடுவில்தான் வரும். 'பிக் அப் தி புக்', 'பிக் தி புக் அப்' என்று முழுப் பெயருக்கு இரு இடமும் பொருந்தும். இட் என்பதற்கு நடுவிடம் ஒன்றே.

ஒரு வாக்கியத்தில் இரு பிரதிப்பெயர்கள் செயப்படுபொருளாக வந்தால், 'கிவ் இட் டு மீ' என்று முன்னிடைச்சொல்லோடு அமைப்பதே மிகுந்த வழக்கு.

இணைந்து ஒரே சொல்லாதல்

ஐரிஷ் மொழியில் முன்னிடைச்சொல்லும் பிரதிப்பெயரும் கரைந்து ஒரே சொல்லாகும். 'என்னிடம்' என்பதற்கு அகம், 'உன்னிடம்' என்பதற்கு அகத். ஸ்பானிய மொழியில் 'என்னோடு' என்பது கொன்மீகோ. ஆங்கிலத்தில் இத்தகைய திரிபு இல்லை. இதை ஓரளவு ஒத்தவை ஹியர், தேர், வேர் ஆகியவற்றோடு முன்னிடைச்சொல் சேர்ந்த ஹியர்பை, தேராஃப், வேர்பை போன்றவை. 'இதனால்', 'அதன்', 'எதனால்' என்ற பொருள்களில் இவை இன்று பெரும்பாலும் ஒப்பந்தங்களிலும் சட்ட ஆவணங்களிலும் வாழ்கின்றன. டச்சிலும் ஜெர்மனிலும் இந்த அமைப்பு அன்றாடப் பேச்சிலேயே உள்ளது.

ஒலிப்பு

ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல், பிரதிப்பெயர் இரண்டும் பொதுவாக அழுத்தமின்றியே ஒலிக்கும். 'ஃபார் ஹிம்' என்பதில் ஹகரம் மறைந்து 'ஃபரிம்' போலக் கேட்கும். வாக்கிய இறுதியில் தனித்து நிற்கும் முன்னிடைச்சொல் முழு ஒலியைப் பெறும்.

தமிழர் கற்கும்போது

தமிழில் நான் என்பது எனக்கு, என்னோடு என்று அடிச்சொல் திரிந்து உருபை ஏற்பதால், வடிவம் மாறுவது தமிழருக்குப் புதிதன்று. சிக்கல், எந்த வினைக்கு முன்னிடைச்சொல் வேண்டும் என்பதில்தான். 'அவனிடம் சொன்னேன்' என்ற பழக்கத்தால் 'ஐ டோல்ட் டு ஹிம்' என்று எழுதுவது பொதுவான பிழை. டோல்ட் நேரடியாக ஹிம்மை ஏற்கும், செட் என்பதற்குத்தான் டு வேண்டும். டிஸ்கஸ் என்பதற்குப் பின் அபவுட் வராது. மாறாக, எக்ஸ்பிளெய்ன் என்பதற்குப் பின் 'டு மீ' என்றே வரவேண்டும். இவற்றை வினையோடு சேர்த்தே மனத்தில் பதிப்பது நல்லது. இறுதியில் நிற்கும் முன்னிடைச்சொல் இன்று பரவலாக ஏற்கப்படுகிறது. 'பிட்வீன் யூ அண்ட் ஐ' மட்டும் தேர்வுத்தாளிலும் அலுவல் கடிதத்திலும் இன்னும் பிழையாகவே கொள்ளப்படுகிறது.